போடப் போடச் சரியாயிடும்னு இனிமே யாராவது சொன்னா...

"புது ஷூன்னா அப்படித்தான்யா இருக்கும். போடப் போடச் சரியாயிடும்."

இந்த வசனத்தைக் கேக்காத தமிழன் இருக்க முடியாது. ஜூன் மாசம் ஸ்கூலுக்குக் கறுப்பு ஷூ வாங்கும்போது அம்மா சொல்லியிருப்பாங்க. கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கின ஷூவைப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை நொண்டும்போது பக்கத்துல நின்ன பெரிசு சொல்லியிருக்கும். கடைப் பையன் பில் போடும்போது கட்டாயம் சொல்லியிருப்பான். நானும் பலபேர்ட்ட சொல்லியிருக்கேன், மறைக்க என்ன இருக்கு.

மக்களே, அது பொய். எங்க அப்பாவோட வலது கால் சுண்டுவிரலைக் காவு வாங்கின பொய். அதனால இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க :-)

கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். அப்பா லாரி ஆபீஸ்ல கணக்கு எழுதினவர். வேலையை விட்டு வந்தப்புறம் வீட்ல சும்மா உக்கார முடியல. புதுக்கோட்டைக்கு வெளிய ஒரு கம்பெனி வாசல்ல செக்யூரிட்டி வேலைன்னு கிளம்பிட்டார். கான்ட்ராக்ட்காரர் கொடுத்தது ரெண்டு செட் யூனிஃபார்ம், தொப்பி, விசில், ஒரு ஜோடி பூட்ஸ். முன்னாடி இரும்புத் தொப்பி வச்ச, செங்கல் மாதிரி கனக்குற பூட்ஸ். அப்பாவுக்கு ஏழாம் நம்பர். ஆனா கால் அகலம், எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான், வாத்துக் கால். ஏழு பிடிக்குதுன்னு சொன்னதும் சூப்பர்வைசர் எட்டைக் கொடுத்துட்டு அந்த வசனத்தைச் சொல்லியிருக்கார். வீட்டுக்கு வந்து காட்டினப்ப அம்மாவும் சொன்னாங்க. நானும் சொன்னேன்.

அப்பாவுக்குப் பதினாலு வருஷமா சர்க்கரை. மூணு வாரம் ஆச்சு. ஒருநாள் சாக்ஸைக் கழட்டும்போது ஈரமா இருந்துச்சுன்னு அம்மாதான் பார்த்தாங்க. சுண்டுவிரலோட வெளிப்பக்கம் புண்ணு, உள்ள வரைக்கும் போயிருந்தது. "வலிக்கலையாப்பா?"ன்னு கேட்டேன். "இல்லடா, சரியாயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்"னார்.

இந்தப் பதில்லதான் மொத்த மேட்டரும் இருக்கு. பூட்ஸ் ஒண்ணும் சரியாகல. காலுக்கு உணர்ச்சி போயிருந்தது. டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, பாதத்துல பத்து இடத்துல தொட்டுப் பார்த்தார். அப்பா மூணு இடத்துலதான் 'ம்' சொன்னார். விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

நிற்க.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் என் மாமா பையன் பேசினான். சுவிட்சர்லாந்துல பொட்டி தட்டுற வேலை. குளிர்காலத்துல பனிமலையில பலகை கட்டிக்கிட்டுச் சறுக்குறது அவனுக்கு இப்பப் புதுப் பைத்தியம். ஸ்னோபோர்டுங்கிறது 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல இருந்தே இருக்குற ஆட்டம். அதுல நிறையப் பேரு மெத்துன்னு இருக்குற பூட்ஸ்தான் போடுவாங்களாம். வேகமா, பலகையோட விளிம்பால பனியைக் கீறிக்கிட்டுப் போறவங்க மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸ். வெளிய ஓடு, உள்ள கழட்டி மாட்டுற மெத்தை, இழுத்துப் பூட்டக் கொக்கிகள். அந்த ஓடு எங்க அப்பா பூட்ஸை விடக் கெட்டி.

"மச்சான், நீ அதை எப்படிடா போடுற? போடப் போடச் சரியாயிடுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "நான் ரெண்டு வாரமா அந்த பூட்ஸை வீட்ல வச்சு நோண்டிக்கிட்டிருக்கேன்"னான்.

என்ன நோண்டினான்னு கேளுங்க. முதல்ல உள்மெத்தையைக் கழட்டிட்டு, வெறும் ஓட்டுக்குள்ள காலை விட்டு, விரல் நுனி முன்னாடி லேசாத் தொடுற மாதிரி நின்னுக்கிட்டு, குதிகாலுக்குப் பின்னாடி எத்தனை விரல் போகுதுன்னு பார்த்திருக்கான். ஒண்ணு ஒண்ணரை விரல் போனா சரியான அளவு, ரெண்டுக்கு மேல போனா பெரிசு, திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான். அடுத்தது உள்மெத்தை. சூடு பண்ணினா கால் வடிவத்துக்கு வர்ற சரக்கு. கடையில அதுக்குன்னு சூடு ஊதுற மெஷின் இருக்கு. வீட்ல செய்யறவங்க என்ன பண்றாங்கன்னா, பழைய சாக்ஸுக்குள்ள அரிசியைப் போட்டுக் கட்டி, மைக்ரோவேவ்ல சூடாக்கி, அந்த அரிசி மூட்டையை மெத்தைக்குள்ள திணிக்கிறாங்க. அரிசிக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு காவிரி டெல்டாக்காரனுக்கே தெரியாது! சூடானதும் காலை விட்டு, கொக்கியைப் பூட்டி, ஆடாம அசையாம ஆறுற வரைக்கும் நிக்கணும்.

அதுக்கப்புறமும் கணுக்கால் எலும்பு ஓரத்துல இடிச்சிருக்கு. எலும்பு மேல லிப்ஸ்டிக்கைத் தடவி (பொண்டாட்டியோடது, தனிக் கதை), காலை ஓட்டுக்குள்ள விட்டு எடுத்தா, எங்க இடிக்குதோ அங்க சிவப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தைச் சூடு காட்டி வெளிப்பக்கமாப் பிதுக்கி விடுவாங்க. இல்லைன்னா மெத்தையில எலும்பைச் சுத்தி ஓட்டை வடை மாதிரி ஃபோம் ஒட்டுவாங்க. எலும்பு மேல ஒட்டக் கூடாது, சுத்தித்தான். அழுத்தம் எலும்பை விட்டுட்டு அக்கம்பக்கத்துல பரவிடும்.

நான் போனை வச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். லீவு நாள்ல மலையில சறுக்கி விளையாடுறதுக்கு ஒருத்தன் ரெண்டு வாரம் பூட்ஸைக் காலுக்கு ஏத்த மாதிரி மாத்துறான். இங்க பன்னெண்டு மணி நேரம் கேட்ல நிக்குற மனுஷனுக்கு ரெண்டு நிமிஷம் யாரும் செலவு பண்ணல. நான் உட்பட. பூட்ஸை மாத்தலாம்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. கால்தான் மாறணும்னு நம்பிட்டிருந்தோம்.

"அவனுக்குக் காசு இருக்கு, பண்றான்"னு சொல்வீங்க. அரிசி, பழைய சாக்ஸ், லிப்ஸ்டிக். இதுல எதுக்குங்க காசு?

சரி, அந்த 'ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கங்க' பிரசங்கத்துக்கு வருவோம். நாம போடுற பிரிட்டிஷ் அளவுல ஒரு நம்பர் கூடினா நீளம் ஒரு அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலமும் கொஞ்சம் கூடும். ஆனா அகலக் காலுக்கு வேண்டியது அகலம் மட்டும்தான். அதுக்காக நீளத்தை வாங்கினா என்ன ஆகும்? கால் உள்ள முன்னும் பின்னும் வழுக்கும். பூட்ஸ் மடங்குற இடம் ஒண்ணு, பாதம் மடங்குற இடம் இன்னொண்ணு. குதிகால் தூக்கித் தூக்கி உரசும். முன்னாடி வழுக்கிப் போன சுண்டுவிரல் குறுகுற இடத்துல போய் முட்டும். அப்பாவுக்கு நடந்தது அட்சரம் பிசகாம இதேதான். எட்டாம் நம்பர் பூட்ஸ் ஏழாம் நம்பர் காலைக் கடிச்சது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. சென்னை அடையார்ல இருக்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடத்துல 1,01,880 பேரோட காலை முப்பரிமாண ஸ்கேனர்ல அளந்தாங்க. கிடைச்ச சேதி, இந்தியக் கால் ஐரோப்பிய, அமெரிக்கக் காலை விட அகலம். குறுகலான ஷூவுக்குள்ள கால் போகணும்கிறதுக்காக இங்க நிறையப் பேரு தேவைக்கு மேல நீளமா வாங்கிப் போடுறாங்க. சரியா பொருந்தாத ஷூவால காயம், பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் சர்க்கரைக்காரங்களுக்கும் கூடுதல் ஆபத்து. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன அளவை விட்டுட்டு நமக்குன்னு 'பா'ன்னு ஒரு புது அளவு முறை கொண்டு வரலாம்னு 2024-ல சேதி வந்துச்சு. பாரத்ங்கிறதோட முதல் எழுத்தாம். எங்க ஊர் கீழ ராஜ வீதியில நான் ஏறி இறங்கின கடைகள்ல அந்த எழுத்துப் போட்ட பெட்டி ஒண்ணையும் பார்க்கல.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு பாதி உலகத்துக்கு ஷூ தைக்கிற ஊருங்க நம்மட்ட இருக்கு. யாரோட கால் அளவுக்கு அச்சுக் கட்டை செஞ்சு தைக்கிறோம்? வாங்குறவன் கால் அளவுக்கு. சரி, வியாபாரம். நம்ம கால் அளவுக்கும் ஒரு கட்டை செதுக்கினா குறைஞ்சா போயிடுவோம்?

இந்த இடத்துல 'நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை, வெறுங்கால்லதான் நடந்தாங்க' கோஷ்டி கண்டிப்பா வரும். வாங்கய்யா. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல எத்தியோப்பியாவோட அபேபே பிகிலா வெறுங்கால்ல மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார்னு ஃபோட்டோவைத் தூக்கிக்கிட்டு வருவீங்க. ஏன் வெறுங்கால்ல ஓடினார்? அங்க கிடைச்ச ஷூ அவர் காலுக்குச் சரியா பொருந்தல. கடிக்கிற ஷூவை விட ஏற்கனவே பழகின வெறுங்கால் மேல்னு முடிவு பண்ணார். போடப் போடச் சரியாயிடும்னு நினைச்சிருந்தா அன்னைக்குப் பாதி தூரத்துல உக்காந்திருப்பார். அதே மனுஷன் 1964 டோக்கியோவுல ஷூ போட்டு ஓடி மறுபடி தங்கம் வாங்கினதை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டேங்கிறீங்க.

நம்ம முன்னோர்கள் கதையும் சொல்லவா? பல ஊர்ல பலபேரு வெறுங்கால்ல நடந்தது ஆரோக்கியத்துக்காக இல்லை. அந்தத் தெருவுல செருப்பைக் கைல எடுத்துக்கிட்டுத்தான் போகணும்னு வச்சிருந்ததால. செருப்புப் போடுறதுக்கே அடி வாங்கின ஜனங்க இருக்குற நாட்டுல, வெறுங்காலுக்குப் பெருமை பேசுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தச் செருப்பைத் தைச்சவரை இன்னைக்கும் ரோட்டோரம் குடைக்குக் கீழதான் உக்கார வச்சிருக்கோம். ஷூ எங்க பிடிக்குது, எப்படித் தளர்த்தணும்னு ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆளு அவர். அவர்ட்ட இருபது ரூபாய்க்குப் பேரம் பேசிட்டு, கடைப் பையன் சொல்ற வசனத்தை வேதமா எடுத்துக்கிறோம்.

அப்பா விஷயத்துல எனக்கு வழி காட்டினது பஸ் ஸ்டாண்டு பக்கம் உக்காந்திருக்குற அப்படி ஒரு அண்ணன்தான். மச்சான் சொன்ன வித்தையெல்லாம் ஒப்பிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, அந்த பூட்ஸுக்குள்ள இருக்குற அட்டையை உருவி வெளிய எடுங்க. அது மேல அப்பாவை நிக்கச் சொல்லுங்க"ன்னார். அவ்ளோதான். நின்னா பாதம் ரெண்டு பக்கமும் அட்டைக்கு வெளிய வழியுது. "இந்தக் கால் இதுக்குள்ள எங்க போகும்? இரும்பு வேற வச்சிருக்கான்"னார். ஓட்டுக்குள்ள காலை விட்டு விரல் விட்டுப் பார்க்குற அதே சோதனைதான் இது. ஆல்ப்ஸ் மலைக்கும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கும் ஒரே விஞ்ஞானம்.

இரும்புன்னதும் ஒரு விஷயம். பாதுகாப்பு பூட்ஸ்ல முன்னாடி இருக்குற தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கணும்கிறது தர விதி. இருபது கிலோ கல்லு ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுற மாதிரி. அதைத் தாங்குற இரும்பு உங்க சுண்டுவிரலுக்காக வளைஞ்சு கொடுக்குமா? தேங்காய் எண்ணெய், ஈரப் பேப்பர், ஃப்ரீசர்ல தண்ணிப் பை எதுவும் அந்த இடத்துல வேலைக்கு ஆகாது. அங்க பிடிச்சா பூட்ஸை மாத்தணும், வேற மருந்து கிடையாது. எங்க மாவட்டத்துல கல் குவாரி இல்லாத திசை கிடையாது. 1990-களோட ஆரம்பத்துல பெண்கள் குழுக்களே குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தின ஊருங்க இது. சுரங்கம், குவாரியில வேலை செய்யறவங்களுக்குப் பாதுகாப்புக் காலணி இருக்கணும்னு 1961-ம் வருஷத்து விதிமுறைகள்லயே இருக்கு. கால்ல பூட்ஸ் இருந்தா போதும்னு அதை எடுத்துக்கிறாங்க. பிடிக்கிற பூட்ஸை என்ன பண்ணுவான் தொழிலாளி? மேஸ்திரி தலை மறைஞ்சதும் கழட்டி ஓரமா வச்சுட்டு ஹவாய் செருப்போட கல்லு தூக்குவான். அப்புறம் 'இவனுங்களுக்குக் கொடுத்தாலும் போட மாட்டானுங்க'ன்னு நாமளே சொல்வோம்.

அந்த வசனத்துல கால் பங்கு உண்மை இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நிஜத் தோலா இருந்தா, மடங்குற இடமும் குதிகால் பட்டையும் பத்துப் பதினஞ்சு நாள்ல இளகும். ரெக்ஸின், பிளாஸ்டிக்னா அதுவும் கிடையாது, விரிசல்தான் விடும். நீளம் எந்தக் காலத்துலயும் வளராது. அதனால சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, வேலைக்குப் போடுற அதே சாக்ஸோட வாங்குங்க. நின்னுக்கிட்டு ரெண்டு காலையும் பேப்பர்ல வரைங்க, பெரிய காலுக்கு எடுங்க. எனக்கே ரெண்டு காலுக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம்னு நாற்பது வயசுல தெரிஞ்சுக்கிட்டேன்.

நிஜத் தோல் ஷூ ஒரே ஒரு இடத்துல பிடிக்குதுன்னா, லிப்ஸ்டிக்குக்குப் பதிலாக் குங்குமத்தை எண்ணெயில குழைச்சு அந்த எலும்பு மேல வச்சு, வெறுங்காலை உள்ள விட்டு எடுங்க. உள்ள சிவப்பு விழுந்த இடத்தை லேசா நனைச்சு, வழவழன்னு இருக்குற கட்டை முனையால உள்ளேர்ந்து நிதானமா அழுத்தித் தேய்ங்க. இல்லைன்னா அண்ணன்கிட்டக் கொடுத்தா கட்டை போட்டு ஒரு ராத்திரியில விரிச்சுக் கொடுப்பார். குதிகால் தூக்குதா? மேல் ஓட்டையில கயித்தை அந்தந்தப் பக்கமே விட்டு ஒரு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்கத்துக் கயிறை அந்த வளையத்துக்குள்ள கோத்து இறுக்குங்க, கால் வழுக்காது. மெழுகுவர்த்தி தேய்க்கிறது உரசலைக் குறைக்கும், உண்மைதான். அழுத்தத்தைக் குறைக்காது. பஞ்சு வச்சு அடைக்கிறது சுத்த முட்டாள்தனம், இடுக்கு இன்னும் இடுக்காகும்.

உணர்ச்சி இல்லாத கால்னா இந்த வித்தை எதையும் நம்பாதீங்க. நம்ம வேலூர் கதை ஒண்ணு இதுக்கு இருக்கு. 1946-ல சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிங்களோட கால் விரல் போறது நோய் நேரா அரிக்கிறதால இல்லை, வலி தெரியாம அதே இடத்துல திரும்பத் திரும்ப அழுத்தம் விழுறதாலன்னு கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் அங்கயும் பக்கத்துல கரிகிரியிலயும் நுண்துளை ரப்பர்ல செருப்பு செஞ்சு கொடுத்து எத்தனையோ கால்களைக் காப்பாத்தினாங்க. இன்னைக்குச் சர்க்கரைக்காரங்களுக்கு எழுதிக் கொடுக்குற எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில வந்ததுதான். அதாவது வலிங்கிறது ஷூ கொடுக்குற புகார் மனு. 'போடப் போடச் சரியாயிடும்'னா அந்த மனுவைக் கிழிச்சுப் போடுறோம்னு அர்த்தம். எங்க அப்பா காலுக்கு மனு எழுதவே தெரியாமப் போச்சு.

அப்பா நாலு மாசம் கழிச்சு மறுபடி வேலைக்குப் போறேன்னு நின்னார். அம்மா அழுதாங்க, நான் கத்தினேன், நடக்கல. கால் அளவை வரைஞ்ச பேப்பரோட நானே கான்ட்ராக்ட் ஆபீசுக்குப் போனேன். "சார், கேட்ல விசிட்டர் புக்குல கையெழுத்து வாங்குற ஆளுக்கு இரும்புத் தொப்பி எதுக்கு?"ன்னு கேட்டேன். யூனிஃபார்ம்னா அப்படித்தான்னார். டாக்டர் சீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சரி, கறுப்பா இருந்தா போதும், நீங்களே வாங்கிக்கங்க"ன்னார். இவ்ளோதான் விஷயம். கறுப்பா இருந்தா போதும். அதுக்கு ஒரு விரல்.

இப்ப அப்பா போடுறது அகலமான, முன்பக்கம் உருண்ட, உள்ள எம்.சி.ஆர். அட்டை வச்ச கறுப்பு ஷூ. முதல் நாள் ஒரு மணி நேரம், கழட்டிப் பார்த்தோம். அடுத்த நாள் ரெண்டு மணி நேரம். சிவப்பு விழுந்து இருபது நிமிஷத்துல மறையலைன்னா அந்த இடத்துல பிடிக்குதுன்னு அர்த்தம். ஒரு இடத்துல விழுந்துச்சு, பஸ் ஸ்டாண்டு அண்ணன் தட்டிக் கொடுத்தார். காசு வாங்கல.

டிஸ்கி: சர்க்கரை இருக்குறவங்க தினம் ராத்திரி காலைக் கண்ணால பாருங்க, அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வச்சுப் பாருங்க. ஷூ போடுறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. போன வாரம் அப்பா ஷூவுக்குள்ள என் பொண்ணோட பென்சில் ஷார்ப்னர் கிடந்துச்சு.